சிக்கலைக் காட்டாமல் விடையை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள்: கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வரும் கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வரும் என்று குறிப்பிட்டு இணைவுக் கல்லூரிகளுக்குத் தாங்கள் அனுப்பியுள்ள திருத்தப்பட்ட பாடத்திட்டத்தில், தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஆப்ஜெக்ட் என்ற ஒரே கட்டாக எழுதப் பழக்கும், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான பொருள்நோக்கு நிரலாக்கத் தாளின் ஆய்வக நேரம் வாரத்துக்கு 4 மணியிலிருந்து 2 மணியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. எடுத்த நேரம் எழுத்துத் தாளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஐந்து அலகுகளோ, முதல் அலகில் வரையறைகளும் நன்மை தீமைகளும் என்று தொடங்கும் பழைய வரிசையிலேயே மாறாமல் நிற்கின்றன. மாணவர்கள் இந்தத் தாளில் அதிகம் குழம்புவதால் கருத்துகளை விளக்கக் கூடுதல் நேரம் தரப்பட்டுள்ளதாகச் சுற்றறிக்கை காரணம் சொல்கிறது.

இணைவுக் கல்லூரி ஒன்றில் இந்தத் தாளைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறவள் என்ற முறையில், அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர்கள் குழம்புவது விளக்கம் போதாததால் அன்று. எந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக இந்தக் கருத்துகள் உருவாயினவோ, அந்தச் சிக்கலில் ஒருமுறையேனும் மாட்டிக்கொள்வதற்கு முன்பே அதன் தீர்வை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். குழப்பம் அங்கே தொடங்குகிறது. சிக்கலில் மாட்டிக்கொள்ள வாய்ப்புள்ள ஒரே இடம் ஆய்வகம். தாங்கள் குறைத்திருப்பது அதைத்தான்.

இப்போதைய வரிசையில் பாடம் எப்படி நடக்கிறது என்பதைத் தாங்கள் அறியாதவர்கள் அல்லர். கிளாஸ் என்பது வீட்டின் வரைபடம், ஆப்ஜெக்ட் என்பது அதன்படி கட்டிய வீடு என்று முதல் வாரம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறோம். அடுத்த வாரம் விலங்கு என்ற கிளாஸிலிருந்து நாயும் பூனையும் பிறக்கின்றன; அது மரபுரிமம். நாய் குரைக்கிறது, பூனை கத்துகிறது, ஒரே அழைப்புக்கு ஒவ்வொன்றும் தன் வழியில் பதில் தரும் பல்லுருவாக்கம் முடிந்துவிடுகிறது. வகுப்பில் ஒருவரும் ஐயம் கேட்பதில்லை. ஐயம் எழும் அளவுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். பின்னர் ஆய்வகத்தில் நூலகப் புத்தகங்களுக்கு ஒரு நிரல் எழுதச் சொன்னால், வரையறைகளை வரி பிசகாமல் ஒப்பித்த அதே மாணவர்கள், எதைக் கிளாஸ் ஆக்குவது, எதை வெறும் எண்ணாக விடுவது என்று தெரியாமல் வெற்றுத் திரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்கள்.

சென்ற பருவத்தில், பாடத்திட்டம் இடங்கொடுத்த சிறிய இடைவெளியில், கிளாஸ் என்ற பேச்சையே எடுக்காமல் ஒரு பயிற்சி கொடுத்தேன். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் சேமிப்புக் கணக்கு அது. பெயர்களுக்கு ஓர் அரே (வரிசையாக அடுக்கிய பட்டியல்), தொகைகளுக்கு ஓர் அரே. செல்வி 600, மாரியம்மாள் 200, பாத்திமா 400. தொகையின் ஏறுவரிசையில் பட்டியலை அச்சிட வேண்டும். வரிசைப்படுத்துவதற்கு இந்தத் தாளின் மொழியான ஜாவாவில் ஆயத்தமாக ஒரு மெத்தட் (பெயர் சொல்லி அழைக்கும் செயற்கூறு) இருப்பது மாணவர்களுக்குத் தெரியும் என்பதால், தொகைகளின் அரேயை அதனிடம் கொடுத்தார்கள். செல்வி 200, மாரியம்மாள் 400, பாத்திமா 600 என்று திரையில் வந்தது. எரர் எதுவும் வராததால் பெரும்பாலோர் அடுத்த பயிற்சிக்குப் போக ஆயத்தமானார்கள். தாயார் அப்படியொரு குழுவில் உறுப்பினராக இருக்கும் மாணவி ஒருத்திதான் திரையை மறுபடியும் பார்த்துவிட்டு, "மேடம், செல்விக்கு 400 ரூபா போயிடுச்சு" என்றாள்.

அதன்பின் இரண்டு அரேக்களையும் சேர்த்து நகர்த்தும்படி வரிசைப்படுத்தலை அவர்களே எழுதினார்கள். கடனுக்கு மூன்றாவது அரே ஒன்று சேர்க்கச் சொன்னேன். அதையும் உடன் நகர்த்த மறந்தவர்களின் நிரலில் ஒருவர் வாங்கிய கடன் இன்னொருவர் தலையில் விழுந்தது. தவணைத் தேதிக்கு நான்காவது அரே என்றதும் பின்வரிசையிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது: "ஒரு ஆளோட கணக்கு எல்லாம் ஒரே இடத்துல இருந்தா, தனித்தனியா நகர்த்த வேண்டியதே இல்லையே, மேடம்." அன்று கிளாஸ் என்றால் என்ன என்று நான் விளக்கவில்லை. நீங்கள் இப்போது கேட்டதற்கு ஜாவாவில் ஏற்பாடு இருக்கிறது, அதை இப்படி எழுத வேண்டும் என்று காட்டியதோடு என் வேலை முடிந்தது. இதற்கு இரண்டு மணி நேரம் முழுதாகச் செலவாயிற்று. தங்கள் புதிய அட்டவணையின்படி அது ஒரு வாரத்தின் மொத்த ஆய்வகம். பட்டியலில் உள்ள பயிற்சிகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, அந்த ஒரு வாரத்தில் குறைந்தது ஒரு பயிற்சியை முடித்து ரெக்கார்ட் எனும் ஆய்வகப் பயிற்சி நோட்டில் கையொப்பமும் வாங்கியிருக்க வேண்டும்.

தரவை வெளியிலிருந்து நேரடியாகத் தொடமுடியாதபடி கிளாஸுக்குள் பொதிந்துவைக்கும் உறைபொதியாக்கத்தின் நிலை இன்னும் மோசம். தாங்கள் இணைத்துள்ள மாதிரி நிரலில் கணக்கின் இருப்புத் தொகை பிரைவேட் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வரிகளிலேயே அதை எடுக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர். மாணவர்கள் இதை அப்படியே தட்டச்சு செய்கிறார்கள், அல்லது எடிட்டரில் ஒரு சொடுக்கில் உருவாக்கிக்கொள்கிறார்கள். அந்தச் செட்டரிடம் மைனஸ் 5000 கொடுத்துப் பாருங்கள் என்றேன். கணக்கு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அப்படியானால் பிரைவேட் எதைத்தான் காத்தது என்ற கேள்வி வகுப்பில் எழுந்தது. அதற்கு மாதிரி நிரலில் விடை இல்லை. செட்டரை நீக்கிவிட்டு, பணம் போடுவதற்கு ஒரு மெத்தட், எடுப்பதற்கு ஒரு மெத்தட் என்று மட்டும் வைத்து, இருப்புக்கு மேல் கேட்டால் மறுக்கும் விதியை எடுக்கும் மெத்தடுக்குள்ளேயே எழுதியபோதுதான், தரவையும் அதைக் காக்கும் விதியையும் ஒரே கூரையின்கீழ் ஏன் வைக்கிறோம் என்பது அவர்களுக்குப் பிடிபட்டது. பிரைவேட், புரொடெக்டட், பப்ளிக் ஆகியவற்றை அட்டவணையிட்டு வேறுபடுத்துக என்று ஆண்டுதோறும் கேட்கப்படும் வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

ஜாவாவின் முதல் நிரலிலேயே பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்ட், ஸ்ட்ரிங் அரே என்று இத்தனையும் வந்து நிற்கின்றன. இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு விளக்குகிறேன் என்று ஆசிரியர் கடந்துபோக வேண்டியிருக்கிறது. அந்தப் பிறகு வருவதற்குள், நிரல் தொடங்கும் இடமான மெயினிலிருந்து தாம் எழுதிய மெத்தடை அழைக்கும் மாணவர், ஸ்டாட்டிக் அல்லாத (அதாவது ஆப்ஜெக்ட் வழியாகவே அழைக்க வேண்டிய) மெத்தடை ஸ்டாட்டிக் இடத்திலிருந்து அழைக்க இயலாது என்ற எரரைச் சந்திக்கிறார். தொடக்கநிலை மாணவர்களின் திரையில் அடிக்கடி காணக்கூடிய எரர்களுள் இதுவும் ஒன்று. அவர் கண்டுபிடிக்கும் மருந்து எளியது: அந்த மெத்தடுக்கு முன்னாலும் ஸ்டாட்டிக் என்று எழுதுவது. பிறகு அது பயன்படுத்தும் மாறிக்கு, பிறகு அடுத்த மெத்தடுக்கு. எரர் மறையும்போது நிரலில் ஆப்ஜெக்டை உருவாக்கும் நியூ என்ற சொல் ஓரிடத்திலும் இருப்பதில்லை. ஒரு ஆப்ஜெக்ட்கூட உருவாகாத அந்த நிரலுக்குப் பொருள்நோக்கு நிரலாக்கப் பயிற்சி என்று தலைப்பிட்டு நாங்கள் கையெழுத்திடுகிறோம். இந்தத் தடையை ஜாவாவை வடிவமைப்பவர்களே உணர்ந்துவிட்டார்கள். 2023-இல் வெளியான ஜாவா 21-இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2025 செப்டம்பரில் வெளியான ஜாவா 25-இல், கிளாஸ் அறிவிப்பும் ஸ்டாட்டிக்கும் இல்லாமலேயே மெயினை எழுதித் தொடங்கும் வசதியை நிரந்தரமாக்கியிருக்கிறார்கள். பயிற்சிப் பட்டியலைத் திருத்திய நம் குழுவின் பார்வைக்கு இது வந்ததற்கான அடையாளம் புதிய பாடத்திட்டத்தில் இல்லை.

ஒரே ஆப்ஜெக்டை இரண்டு மாறிகள் சுட்ட முடியும் என்பதற்கும் பட்டியலில் ஒரு பயிற்சி கிடையாது. ஒரு கணக்கை இன்னொரு மாறிக்குக் கொடுத்துவிட்டு, நகலெடுத்துவிட்டோம் என்று நம்பி அதில் பணத்தை எடுத்தால், முதல் மாறியிலும் இருப்புக் குறைகிறது. இதைக் கட்டமும் அம்பும் வரைந்து கால்மணி நேரத்தில் காட்டிவிடலாம். காட்டாமல் விட்டால் பட்டப்படிப்பு முடியும்வரை துரத்தும்.

பல்லுருவாக்கத்துக்கு வருகிறேன். நம் மாணவர்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் பேருந்திலேயே இதற்கான பாடம் இருக்கிறது. நடத்துநரின் டிக்கெட் கருவிக்கு ஒரு நிரல் என்று வைத்துக்கொள்வோம். பொதுப் பயணி, சலுகைப் பயணி என்று இஃப்-எல்ஸ் (இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது) போட்டு எழுதுகிறார்கள். அந்தப் பிரிப்பு கட்டணம் கணக்கிடும் இடத்தில் ஒருமுறை, டிக்கெட் அச்சிடும் இடத்தில் ஒருமுறை, நாளின் முடிவில் வசூல் கணக்குக் காட்டும் இடத்தில் ஒருமுறை என்று மூன்று இடங்களில் வருகிறது. இப்போது 2021 மே மாதத்தைக் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கிய மாதம் அது. டிக்கெட் உண்டு, கட்டணம் பூச்சியம். இந்த மாற்றத்தை நிரலில் செய்யுங்கள் என்றால், கட்டணம் கணக்கிடும் இடத்தில் எல்லோரும் செய்துவிடுகிறார்கள். வசூல் கணக்கில் மாற்ற மறந்தவர்களின் நிரல், வாங்காத பணத்தையும் வாங்கியதாகக் கூட்டி, நடத்துநரின் பையில் பணம் குறைகிறது என்று அறிக்கை தருகிறது. அந்த நடத்துநர் பணிமனையில் என்ன பாடுபடுவார் என்பதை அவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநங்கையருக்கும் அதே சலுகை விரிவாக்கப்பட்டது என்று அடுத்த மாற்றத்தைச் சொன்னால், மூன்று இடங்களையும் மறுபடி தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு வகைப் பயணியும் தன் கட்டணத்தைத் தானே சொல்லட்டும், மற்ற மூன்று இடங்களும் அதைக் கேட்டுக்கொள்வதோடு நின்றுவிடட்டும் என்று மாற்றி எழுதிய பிறகு, புதிய வகைக்கு ஒரு புதிய கிளாஸ் போதும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பகுதியில் கைவைக்க வேண்டியதில்லை. அரசாணை மாறும்போது நிரல் உடைகிறதா தாங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்த்த மாணவருக்கு நாயும் பூனையும் தேவைப்படுவதில்லை.

இந்தப் பயிற்சிக்கு மரபுரிமம் தேவையில்லை, என்னென்ன மெத்தடுகள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒரு இன்டர்ஃபேஸ் போதும் என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். ஆனால் பாடத்திட்டத்தில் மரபுரிமம் இரண்டாம் அலகு முழுவதையும் பிடித்துக்கொண்டு, ஒற்றை, பலபடி, படிநிலை, கலப்பு என்று வகைவகையாக விரிந்து கிடக்கிறது. இன்டர்ஃபேஸ் மூன்றாம் அலகின் ஓரத்தில் ஒரு வரியாக ஒண்டியிருக்கிறது. மரபுரிமம் என்பது மறுபயன்பாட்டுக்கான எளிய வழி என்று முதலில் பதிந்துவிட்டால், எதற்கெடுத்தாலும் ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்கும் எக்ஸ்டெண்ட்ஸ் போடும் பழக்கம் வந்துவிடும். அதன் விளைவைக் காண ஜாவாவின் சொந்த நூலகத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. அதிலுள்ள ஸ்டாக் என்ற கிளாஸ், பட்டியலை வைத்திருக்கும் வெக்டர் என்ற கிளாஸிலிருந்து பிறந்தது. கடைசியாக மேலே வைத்ததையே முதலில் எடுக்க வேண்டும் என்பதே ஸ்டாக்கின் ஒரே விதி. வெக்டரிடமிருந்து வந்த மெத்தடுகளைக் கொண்டு அதன் நடுவில் எதை வேண்டுமானாலும் செருகலாம், உருவலாம். ஸ்டாக் தேவைப்படுவோர் டெக் என்ற இன்டர்ஃபேஸைப் பயன்படுத்துவது நல்லது என்று ஜாவாவின் அதிகாரபூர்வ ஆவணமே பரிந்துரைக்கிறது. சதுரமும் ஒரு செவ்வகம்தானே என்று பிறப்பித்துவிட்டு, செவ்வகத்தின் அகலத்தை மட்டும் மாற்றும் மெத்தடைச் சதுரத்தில் அழைத்தால் என்ன ஆகும் என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அலகு முழுவதும் நடத்தினாலும் எழாத விவாதம் பத்து நிமிடத்தில் எழும். தாய் கிளாஸ் இருக்கும் இடத்தில் சேய் கிளாஸை வைத்தாலும் நிரல் பிசகக்கூடாது என்ற இந்த நெறியை 1987-இலேயே முன்வைத்தவர் பார்பரா லிஸ்கோவ். அவர் பெயரோ அந்த நெறியோ ஐந்து அலகுகளில் எங்கும் இல்லை.

வரலாறும் இதே வரிசையைத்தான் காட்டுகிறது. நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் 1960-களில் சிமுலா மொழியை உருவாக்கியபோது, வரையறைகளிலிருந்து தொடங்கவில்லை. தனித்தனி நிலையும் நடத்தையும் கொண்ட பல கூறுகள் ஒரே நேரத்தில் இயங்கும் அமைப்புகளைக் கணினியில் ஒப்புருவாக்கிப் பார்க்க வேண்டும் என்ற வேலை அவர்களிடம் இருந்தது. கிளாஸும் மரபுரிமமும் சிமுலா 67-இல் அந்த வேலையிலிருந்து வந்தன. முதல் அலகில் இந்த வரலாறு சிமுலா, ஸ்மால்டாக், சி++, ஜாவா என்று ஆண்டுவாரியாக இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஏற்ற அளவில் இடம்பெற்றிருக்கிறது. எதற்காக என்பது மட்டும் விடுபட்டிருக்கிறது.

காலாவதியான பகுதிகளைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஆப்லெட், அதாவது உலாவிக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல், இன்னும் நான்காம் அலகில் இருக்கிறது. ஜாவா 9 அதைக் கைவிடத்தக்கது என்று 2017-இலேயே அறிவித்துவிட்டது, இன்றைய முன்னணி உலாவிகள் எதுவும் அதை நேரடியாக ஓட்டுவதில்லை. முந்தைய பருவத்தின் சி++ ஆய்வகத்துக்கு டர்போ சி++ போதும் என்று தாங்கள் குறிப்பிட்டிருப்பது 1998-இல் வந்த சி++ தரநிலைக்கும் முந்தைய கருவி. அங்கே ஓடிய நிரலைத் தம் கைப்பேசியிலுள்ள கம்பைலரில் போட்டுப் பார்க்கும் மாணவருக்கு முதல் வரியிலேயே எரர் வருகிறது. தவறு தம்முடையது என்றே அவர் நினைத்துக்கொள்கிறார்.

ரெக்கார்ட் நோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நிரலை வலப்பக்கம் மையினால் கையெழுத்தில் எழுதி, அவுட்புட்டையும் கையால் எழுத வேண்டும் என்ற விதி தொடர்கிறது. ஓடாத நிரலுக்கும் சரியான அவுட்புட்டைக் கையால் எழுதிவிடலாம் என்பது வைவா எனும் வாய்மொழித் தேர்வு எடுக்க வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல்களுக்கும் தெரியும். எங்கள் மாணவர்களில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு ஆய்வகத்தில் தட்டும் நேரமே மொத்த நேரம். ரெக்கார்ட் எழுதும் மணிநேரங்களை மட்டும் அவர்கள் வீட்டிலும் விடுதியிலும் தாராளமாகச் செலவிடுகிறார்கள்.

வரிசையை மாற்றிக்கொள்ள ஆசிரியருக்கு உரிமை உண்டே, இதற்கு ஏன் பாடத்திட்டம் மாற வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். அகமதிப்பீட்டுத் தேர்வுகள் அலகு வாரியாக, பல்கலைக்கழகம் குறித்த தேதிகளில் நடக்கின்றன. முதல் தேர்வுக்குள் முதல் அலகின் வரையறைகளை நன்மை தீமைகளோடு முடிக்காத ஆசிரியரின் மாணவர்கள் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். வேலைவாய்ப்பு நேர்காணல்களில் வரையறைகளைத்தான் கேட்கிறார்கள் என்ற வாதமும் எனக்குத் தெரியும். கேட்கிறார்கள், உண்மை. அடுத்த கேள்வியாக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். அங்கே நம் மாணவர்கள் விலங்கு, நாய் என்று தொடங்குகிறார்கள்.

ஆகவே நான் கோருவது இது. ஆய்வக நேரத்தை வாரத்துக்கு 4 மணியாகத் திரும்ப வழங்குங்கள். எழுத்துத் தாளில் கூட்டிய வகுப்பை அதற்காக எடுத்துக்கொள்வதில் ஆசிரியர்களுக்கு மறுப்பு இருக்காது. முதல் அலகில் வரையறைகளுக்கு மாறாக, ஸ்ட்ரிங், அரேலிஸ்ட் போன்ற ஆயத்தமான ஆப்ஜெக்டுகளைப் பயன்படுத்திப் பழகுவதையும், தனித்தனி அரேக்களால் வரும் தொல்லையிலிருந்து தம் முதல் கிளாஸை எழுதுவதையும் வையுங்கள். உறைபொதியாக்கம் விதிகளைக் காக்கும் பயிற்சிகளோடு இரண்டாவதாகவும், இன்டர்ஃபேஸ் வழியாகப் பல்லுருவாக்கம் மூன்றாவதாகவும் வரட்டும். மரபுரிமம் அதன்பிறகு, எப்போது பயன்படுத்தக்கூடாது என்பதையும் சேர்த்து வரட்டும். ஆப்லெட்டையும் டர்போ சி++-ஐயும் நீக்குங்கள்.

வினாத்தாளில் பாதி மதிப்பெண்ணாவது, கொடுக்கப்பட்ட நிரலைப் படித்து அது என்ன அச்சிடும் என்று சொல்வதற்கும், அதிலுள்ள குறையைக் கண்டு திருத்தி எழுதுவதற்கும் ஒதுக்கப்பட வேண்டும். இது மாறாமல் மேலே சொன்ன எதுவும் வகுப்பறைக்கு வந்து சேராது. ரெக்கார்டுக்குக் கணினியில் எடுத்த அச்சுப் பிரதியை ஏற்கும்படி எக்ஸ்டர்னல்களுக்கு எழுத்துமூலம் அறிவுறுத்த வேண்டும்.

இறுதியாக, இந்தப் பாடத்திட்டம் கல்விக் குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படும் முன், ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களையும் இந்தத் தாளை எழுதித் தேர்ச்சி பெற்ற, பெறாத மாணவர்கள் சிலரையும் அழைத்து ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பயிற்சி நிரல்கள் அனைத்தையும் நானே எடுத்துவந்து ஓட்டிக் காட்டுகிறேன். இக்கோரிக்கைகளில் ஏற்க இயலாதவை இருப்பின், எவை, என்ன காரணத்தால் என்பதைக் கல்விக் குழு கூடுவதற்கு முன் இணைவுக் கல்லூரிகள் அனைத்துக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணைவுக் கல்லூரி ஒன்றின் கணினி அறிவியல் உதவிப் பேராசிரியை